'அப்புறம் பார்க்கலாம்' என்று சொல்லாதீர்கள்: டர்பன் தமிழ் வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வழக்கறிஞர்களுக்கு,

வணக்கம். உங்களில் சிலருடைய அலுவலகங்களில் 31 ஆண்டுகள் எழுத்தராக இருந்தவள் எழுதுகிறேன். சொத்துப் பத்திரம், உயில், விவாகரத்து, விபத்து இழப்பீடு என்று நீங்கள் சொல்லச் சொல்ல அடித்துக் கொடுத்தவள். நீங்கள் இங்கிலீஷில் விளக்கியதை, கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஆயாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் தமிழில் எடுத்துச் சொன்னவளும் நான்தான். 2023-இல் ஓய்வு பெற்றேன். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், தென்னாப்பிரிக்காவின் இந்த டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். ஆரம்பத்தில் முதியோர் உதவித்தொகைப் படிவம், அடையாள அட்டை விண்ணப்பம் என்றுதான் வந்தார்கள். இப்போது போனைக் கையில் இறுகப் பிடித்தபடி வருகிறார்கள். முகத்தைப் பார்த்தாலே என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிடுகிறது.

"கேஸ் போட்டாச்சா?"

"போட்டாச்சு அக்கா."

"வக்கீலைப் பார்த்தீங்களா?"

"பார்த்தோம். முதல்ல போலீஸ் கண்டுபிடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்னு சொன்னார்."

அதே ஆளைக் காவல்நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால், "உங்களுக்குத்தான் வக்கீல் இருக்கிறாரே, அவர் பேங்கோடு பேசட்டும், அப்புறம் வாருங்கள்" என்கிறார்கள். இந்த மடல் அந்த 'அப்புறம்' பற்றியது.

எங்கள் தெருவில் ஓர் ஆயா இருக்கிறார். 74 வயது. டர்பன் துணி ஆலைகளில் தையல் இயந்திரத்தின் முன் குனிந்தே முதுகு வளைந்து போனவர். ஆலையிலிருந்து வந்த சேமநிதிப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்தார். போன வருஷம் புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில், விரதச் சாப்பாடு முடித்து உட்கார்ந்தபோது, மதியம் 2 மணி வாக்கில் போன் வந்தது. பேங்கின் மோசடித் தடுப்புப் பிரிவிலிருந்து பேசுகிறோம் என்றது ஒரு குரல். ஆயாவின் முழுப்பெயர், அடையாள எண், வீட்டு முகவரி எல்லாம் சரியாகச் சொன்னது. "உங்கள் அட்டையை வைத்து கேப்டவுனில் யாரோ டிவி வாங்கப் பார்க்கிறார்கள். தடுக்க வேண்டுமானால் இப்போது வரும் எண்ணைப் படியுங்கள்." ஆயா படித்தார். இரண்டாவது எண் வந்தது, அதையும் படித்தார். மூன்றாவதையும். போனவை 1,86,000 ரேண்ட்.

அடையாள எண் எப்படி அவன் கைக்குப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள். 2020 ஆகஸ்டில் ஒரு கடன் தகவல் நிறுவனத்திடமிருந்து 2.4 கோடித் தென்னாப்பிரிக்கர்கள் வரைக்குமான விவரங்கள் ஒரு மோசடிக்காரன் கைக்குப் போயிருக்கலாம் என்று செய்தி வந்ததே, அதற்கப்புறம் இந்த நாட்டில் அடையாள எண்ணை ரகசியம் என்று நினைப்பதையே நான் விட்டுவிட்டேன்.

சரி, கதைக்கு வருகிறேன். பேரன் வந்து குறுஞ்செய்திகளைப் பார்த்து அலறியபோது மணி 2.40. பேங்கின் உதவி எண்ணில் முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்டார்கள். நாலு மணிக்குக் காவல்நிலையம் போனார்கள். அங்கே, "பேங்கிலிருந்து கடிதம் வாங்கி வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினார்கள். திங்கட்கிழமை காலை பேங்கில் வரிசையில் நின்றார்கள். "முதலில் கேஸ் நம்பர் வேண்டும்" என்றார்கள் அங்கே. திங்கள் மாலை மறுபடி காவல்நிலையம், அஃபிடவிட் என்ற சத்திய வாக்குமூலம், கேஸ் நம்பர். புதன்கிழமை உங்களைப் போன்ற ஓர் அட்டர்னியின் அலுவலகம். வெள்ளிக்கிழமை அவர் பேங்குக்கு மூன்று பக்கத்தில் கடிதம் அனுப்பினார். நல்ல கடிதம்தான். நானே அடித்திருந்தால்கூட ஒரு கால்புள்ளியை மாற்றியிருக்க மாட்டேன். ஆனால் அதன் நகல் போலீசுக்குப் போகவில்லை. டிடெக்டிவ் யார் என்று அவர் கேட்கவும் இல்லை.

ஐந்து மாதம் கழித்து, பெறுபவர் கணக்கின் விவரங்கள் டிடெக்டிவ் கைக்கு வந்தன. ஆயாவின் பணம் சனிக்கிழமை 2.25-க்கு ஒருவன் கணக்கில் விழுந்திருக்கிறது. கொஞ்சம் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதி ஏடிஎம்களில் எடுத்திருக்கிறார்கள். மீதி இன்னொரு கணக்குக்குப் போயிருக்கிறது. அந்த இரண்டாவது கணக்கில் 61,000 ரேண்ட் சனி, ஞாயிறு இரண்டு நாளும், திங்கள் நண்பகல் வரைக்கும், அசையாமல் கிடந்திருக்கிறது. அந்த நேரத்தில் ஆயா பேங்க் வரிசையில் கால் வலிக்க நின்றுகொண்டிருந்தார்.

இதைப் படித்துவிட்டு, "பேங்கின் தவறு", "போலீசின் தவறு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அவர்களுக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. நான் பேச வந்தது உங்கள் பங்கைப் பற்றி.

முதலில் அந்த அஃபிடவிட். காவல்நிலையத்தில் எழுதியவர் ஓர் இளம் கான்ஸ்டபிள், 23 வயதிருக்கும். பக்கத்துப் பெஞ்சில் கையில் துணி சுற்றிய ஒருவர் ரத்தம் சொட்ட உட்கார்ந்திருந்தார். வெளியே ஒரு குடும்பச் சண்டை உள்ளே வருவதற்குக் காத்திருந்தது. ஆயாவோ பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாக, அழுகைக்கு நடுவே சொல்கிறார். கான்ஸ்டபிள் ஆறு வரி எழுதினார். அதில் ஒரு வரி: 'என்னை அழைத்தவரிடம் என் ஓடிபியைக் கொடுத்தேன், அவர் பணத்தை மாற்றிக்கொண்டார்.' ஆயா கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து பேங்க் உங்கள் நண்பருக்குப் பதில் அனுப்பியது. உங்கள் கட்சிக்காரரே சத்தியம் செய்து எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தில் ரகசிய எண்ணைத் தானே கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறார், ஆகவே எங்களுக்குப் பொறுப்பில்லை என்று. அன்றைக்குத்தான் அந்த அட்டர்னி அஃபிடவிட்டை முதல் முறையாகப் பார்த்தார். கூடுதல் அஃபிடவிட் போடலாம், போட்டார்கள். ஆனால் முதலில் சொன்னது ஒன்று, வக்கீல் வந்தபிறகு சொன்னது ஒன்று என்று எதிராளி கேட்பான் என்பது உங்களுக்குத் தெரியாததா?

'கொடுத்தேன்' என்ற ஒரு சொல்தான் கெடுத்தது. ஆயா எதையும் கொடுக்கவில்லை. ஒரு திருட்டைத் தடுக்கிறோம் என்று நம்பவைக்கப்பட்டு, அந்த நம்பிக்கையில் எண்ணைப் படித்தார். அழைத்தவன் யார் என்று சொல்லிக்கொண்டான், என்ன சொன்னான், அதை ஏன் நம்பினார், நம்பியதால் என்ன செய்தார், எவ்வளவு இழந்தார் என்ற வரிசை வாக்குமூலத்தில் இருந்தால்தான் மோசடி வழக்கு உறுதியாக நிற்கும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்களே நீங்கள்தான். பொய்த் தோற்றம் காட்டியது, நம்பியது, நட்டம் என்று மூன்றையும் பிரித்து எழுதச் சொல்லி எத்தனை பக்கத்தைத் திருப்பி அடிக்கவைத்திருப்பீர்கள்!

இன்னொன்று. அந்த வழக்கு வெறும் 'மோசடி' என்றுதான் பதிவானது. 2020-இன் 19-ஆம் சட்டமான சைபர் குற்றச் சட்டம் 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அனுமதியில்லாமல் கணினி அமைப்புக்குள் நுழைவது 2-ஆம் பிரிவு. கடவுச்சொல், ரகசிய எண் போன்றவற்றைச் சட்டவிரோதமாகப் பெறுவதும் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் 7-ஆம் பிரிவு. தகவலை வைத்துச் செய்யும் மோசடி 8-ஆம் பிரிவு. கான்ஸ்டபிளுக்கு எல்லாம் மனப்பாடமாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? உங்கள் அலமாரியில் அந்தச் சட்டம் இருக்கிறது. எந்தச் செயல் எந்தப் பிரிவில் வரும் என்று அரைப் பக்கம் எழுதி அஃபிடவிட்டோடு இணைத்தால், பிறகு டாக்கெட் என்ற அந்தப் போலீஸ் வழக்குக் கோப்பைத் திறக்கும் டிடெக்டிவ்வும் அரசுத் தரப்பு வழக்கறிஞரும் உங்களை வாழ்த்துவார்கள்.

உங்கள் கட்சிக்காரரின் அஃபிடவிட்டில் நீங்களே சத்தியப் பிரமாணம் செய்துவைக்க முடியாது, தெரியும். வழக்கில் சொந்த நலன் உள்ளவர் சத்தியம் செய்துவைக்கும் ஆணையராக இருக்கக்கூடாது என்பது விதி. ஆனால் நீங்கள் எழுதித் தரலாம். அதை எடுத்துக்கொண்டு காவல்நிலையத்துக்குப் போய் அதிகாரியின் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போடலாம். அடுத்த கட்டிடத்து அட்டர்னியிடம்கூடப் போகலாம். இதற்கு ஒரு மணி நேரம் ஆகுமா? ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆயா உங்கள் வீட்டுக்கே வந்திருப்பார்.

இந்த ஊரின் பழைய கதை ஒன்றை இங்கே சொல்லவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1894. டர்பனில் ஓர் இளம் வக்கீல் தொழில் தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. முன்பற்கள் உடைந்து, வாயில் ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தமிழ் ஒப்பந்தக் கூலி அவர் அலுவலகத்துக்குள் நடுங்கியபடி வந்தார். பெயர் பாலசுந்தரம். முதலாளி அடித்திருந்தார். காந்தி என்ற அந்த வக்கீலுக்குத் தமிழ் தெரியாது. அவர் அலுவலக எழுத்தர் தமிழர், அவர்தான் மொழிபெயர்த்தார். (என் தொழில் முன்னோர் அவர். பெயர் பலருக்கும் ஞாபகமில்லை, எழுத்தர்களின் விதி அப்படித்தான்.) காந்தி என்ன செய்தார்? முதலாளிக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதவில்லை. மருத்துவரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். அதோடு, நேரம் கடத்தாமல், அடிபட்டவரையே மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப்போய் அஃபிடவிட்டைக் கொடுத்தார். மாஜிஸ்திரேட் கோபப்பட்டு முதலாளிக்குச் சம்மன் அனுப்பினார். காந்திக்கு முதலாளியைத் தண்டிக்கும் ஆசை இல்லை, பாலசுந்தரத்தை அங்கிருந்து விடுவித்தால் போதும் என்றிருந்தார். எங்கள் ஆயாவும் அதைத்தான் சொன்னார்: "அவனை ஜெயிலில் போடவேண்டாம், என் காசு வந்தால் போதும்."

ரத்தம் காய்வதற்குள் சான்றிதழ் வாங்கியாகவேண்டும் என்று காந்திக்குத் தெரிந்திருந்தது. உங்கள் காலத்தில் ரத்தம் இன்னும் வேகமாகக் காய்கிறது. 2023 மார்ச்சில் பேஷாப் என்ற உடனடிப் பணப் பரிமாற்ற வசதி வந்தபிறகு ஒரு பேங்கிலிருந்து இன்னொரு பேங்குக்குப் பணம் போக ஒரு நிமிடம்கூட வேண்டாம். ஏடிஎம் கேமராப் பதிவின் மேல் புதிய பதிவு ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆயாவின் பேரன், பாவம், பயத்தில் ஆயாவின் போனையே அழித்துப் புதிதாக்கிவிட்டான். வைரஸ் போய்விடுமாம்! அழைப்பு வந்த நேரம், எண், குறுஞ்செய்திகள் எல்லாம் அதோடு போயின. வக்கீலிடம் முதல் நாளே வந்திருந்தால், "தம்பி, போனைத் தொடாதே" என்ற ஒரு வார்த்தை காப்பாற்றியிருக்கும்.

மின்னணுச் சான்றைப் பற்றி உங்களுக்கு நான் வகுப்பு எடுக்கவில்லை. 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, மின்னணு வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு சான்றைத் தள்ளக்கூடாது என்கிறது. ஆனால் அதற்கு எவ்வளவு எடை என்பது அது எப்படி உண்டானது, எப்படிப் பாதுகாக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. எங்கள் மேசைக்கு வருகிறவர்கள் வாட்ஸாப்பை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, பெயரை வெட்டி, ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டு வருகிறார்கள். முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து, போனையும் அப்படியே வைத்திருங்கள் என்று நான் சொன்னால், "அக்காவுக்கு என்ன தெரியும்" என்று பார்க்கிறார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

இப்போது டிடெக்டிவ் பக்கம் வருகிறேன். ஆயாவின் வழக்கு ஒரு நடுத்தர வயது டிடெக்டிவ்விடம் போனது. நான் போய்ப் பார்த்தேன். மேசையில் டாக்கெட்டுகள் இரண்டு அடுக்காக என் தோள் உயரத்துக்கு இருந்தன. ஆள் நல்லவர், பேச்சில் பொறுமை உண்டு. "உங்கள் வக்கீல் எனக்குப் போன் செய்தார்" என்றார். சந்தோஷப்பட்டேன். "எதற்கு?" என்று கேட்டேன். "விசாரணை ஏன் தாமதம் என்று கேட்டு ஸ்டேஷன் கமாண்டரிடம் புகார் சொல்லப்போவதாகச் சொன்னார்." அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. அப்புறம் அவர் கேட்டது ஒரே கேள்வி: "பணம் போன கணக்கு எண்ணும் நேரமும் உங்களிடம் இருக்கிறதா? டாக்கெட்டில் இல்லை." அது ஆயாவின் கணக்கு அறிக்கையில் இருந்தது. அறிக்கையின் நகல் அட்டர்னியின் கோப்பில் இருந்தது. இரண்டு மாதமாக ஒரு கட்டிடத்தில் கேள்வியும் அடுத்த தெருவில் பதிலும் இருந்திருக்கின்றன.

டிடெக்டிவ் நேராகப் பேங்குக்குப் போய் இன்னொருவர் கணக்கைக் காட்டு என்று கேட்டுவிட முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 205-ஆம் பிரிவின்படி, அதிகாரம் பெற்ற அரசுத் தரப்பு வழக்கறிஞர் கேட்டு, மாஜிஸ்திரேட் சப்பீனா, அதாவது தகவலோடு ஆஜராகச் சொல்லும் ஆணை, கொடுக்கவேண்டும். பேங்க் அதற்குமுன் தகவலைக் கொடுத்துவிட்டால் ஆள் நேரில் வரவேண்டியதில்லை. நடைமுறையில் பெரும்பாலும் இப்படித்தான் ஆவணங்கள் வருகின்றன. இந்தச் சப்பீனாவில் என்ன கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கணக்கு அறிக்கை மட்டும் கேட்டால் அது மட்டும்தான் வரும். கணக்கு திறந்த படிவம், அதோடு கொடுத்த முகவரிச் சான்று, பதிவான போன் எண்கள், எந்தச் சாதனத்திலிருந்து எந்த ஐபி முகவரியில் உள்நுழைந்தார்கள், எந்த ஏடிஎம்மில் எத்தனை மணிக்கு எடுத்தார்கள், அந்த நேரத்துக் கேமராப் பதிவு என்று எல்லாம் ஒரே தடவையில் கேட்கவேண்டும். விட்டுப்போனதற்கு மறுபடி சப்பீனா, மறுபடி சில வாரங்கள். இந்தப் பட்டியலை எழுதுவது வக்கீலின் வேலை. சிவில் வழக்கில் ஆவணங்கள் கேட்டு நோட்டீஸ் அனுப்பும்போது எவ்வளவு நுணுக்கமாக எழுதுவீர்கள்! அதே கையால் டிடெக்டிவ்வுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் என்ன? அவர் அதை எடுத்துக்கொண்டு அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் போவார். முடிவு அவர்களுடையதுதான், நீங்கள் உத்தரவு போடவில்லை.

இதில் ஒரு கோடு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். விசாரணை போலீசின் வேலை. சிலர் ஒரு கம்ப்யூட்டர் பையனைப் பிடித்து எதிராளியின் மின்னஞ்சலுக்குள் நுழையப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அதுவே சைபர் சட்டத்தின் 2-ஆம் பிரிவுக் குற்றம், வழக்கும் அதோடு கெடும். வெளி நிபுணர் தேவைப்பட்டால் அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது: 29-ஆம் பிரிவின் சோதனை வாரண்டில் பெயர் குறிப்பிட்டு, போலீசின் கட்டுப்பாட்டில், போலீஸ் அல்லாத ஒருவரையும் உதவிக்கு அழைத்துக்கொள்ளலாம். அவசரமென்றால் வாய்மொழியாகவே வாரண்ட் கேட்பதற்கு 30-ஆம் பிரிவு இருக்கிறது. இதையெல்லாம் டிடெக்டிவ்வுக்கு மரியாதையாக நினைவூட்டலாம். 'கமாண்டரிடம் சொல்வேன்' என்று ஆரம்பிக்கும் போன் அழைப்பைவிட அது பலன் தரும்.

சைபர் சட்டத்திலும் ஓட்டை உண்டு. தகவலை உடனே அழியாமல் காக்கச் சொல்லும் 41 முதல் 44 வரையிலான பிரிவுகளும், தகவல் தொடர்பு நிறுவனங்களும் நிதி நிறுவனங்களும் குற்றம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் போலீசுக்குச் சொல்லவேண்டும் என்ற 54-ஆம் பிரிவும், 2021-இல் சட்டத்தை அமலாக்கியபோது வெளியே நிறுத்தப்பட்டன. சட்டத்தின் கை கால்களைக் கட்டிவிட்டு ஓடு என்றால் எப்படி ஓடும்? வெளிநாட்டு உதவியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சைபர் குற்றம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையான புடாபெஸ்ட் உடன்படிக்கையில் தென்னாப்பிரிக்கா கையெழுத்துப் போட்டது 2001 நவம்பரில், ஒப்புதல் கொடுக்காமலே ஆண்டுகள் கடந்தன. உங்கள் சங்கங்களின் தீர்மானங்களில் இவை இடம்பெற்றால் நான் கைதட்டுவேன். ஆனால் அதுவரைக்கும் ஆயாவுக்கு என்ன வழி? முதல் நாளே, பணம் போன பேங்குக்கும் பணம் வந்த பேங்குக்கும், 'இந்தக் கணக்கு, இந்த நேரம், இந்தத் தொகை. பணத்தை நிறுத்திவையுங்கள், கேமராப் பதிவை அழிக்காதீர்கள், வழக்கு வருகிறது' என்று உங்கள் லெட்டர்ஹெட்டில் நாலு வரி. அந்தக் கடிதத்துக்கு சப்பீனாவின் பலம் இல்லை, உண்மை. ஆனால் பிற்பாடு 'எங்களுக்குத் தெரியாது' என்று யாரும் சொல்ல முடியாது. உயர் நீதிமன்றத்தில் அவசரத் தடையாணை வாங்கலாமே என்பீர்கள். அதற்கு நீங்கள் வாங்கும் கட்டணம் எனக்குத் தெரியும், நானே பில் அடித்திருக்கிறேன். 1,86,000 ரேண்டுக்கு அது கட்டுப்படியாகாது.

பெண் பிள்ளைகளின் படங்களை வைத்து மிரட்டும் வழக்குகளுக்கு வேறு கதவு இருக்கிறது. சைபர் சட்டத்தின் பாதுகாப்பு ஆணைப் பகுதியும் 2021-இல் அமலுக்கு வரவில்லை என்பதால், ஒன்றும் செய்யமுடியாது என்று ஒரு தாயைத் திருப்பி அனுப்பினார் உங்களில் ஒருவர். 2011-ஆம் ஆண்டின் தொந்தரவுத் தடுப்புச் சட்டம் 2013-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே போடலாம். பெயர் தெரியாத எண்ணிலிருந்து மிரட்டினால், அந்த எண் யாருடையது என்று நிறுவனத்தைக் கேட்கவும், ஆளைக் கண்டுபிடிக்கும்படி போலீசுக்குச் சொல்லவும் அந்த கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. படத்தை வெளியிடுவது சைபர் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம், அது அமலில்தான் இருக்கிறது. அந்தத் தாய் இரண்டு நாள் கழித்து என் மேசைக்கு வந்தார். அந்த இரண்டு நாளும் பிள்ளை சாப்பிடவில்லை.

இனி, சொல்லச் சங்கடமான விஷயம். ஆயாவின் பணம் முதலில் விழுந்த கணக்கு 19 வயதுப் பையன் ஒருவனுடையது. நம் பையன்தான். வேலை இல்லை. கணக்கையும் அட்டையையும் ஒருவனிடம் கொடுத்தால் 500 ரேண்ட் என்றார்கள், கொடுத்துவிட்டான். போலீஸ் வந்ததும் வீட்டார் அட்டர்னியை வைத்தார்கள். "ஒரு வார்த்தை பேசாதே" என்றார் அவர். அரசியலமைப்பின் 35-ஆம் பிரிவு தரும் உரிமை அது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இந்த நாட்டில் போலீஸ் அறைகளில் என்ன நடந்தது என்று பார்த்து வளர்ந்த தலைமுறை நான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வதுதான் அந்தப் பையனுக்கு நல்லதா? அட்டையை வாங்கியவன் யார் என்று அவனுக்குத் தெரியும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 204-ஆம் பிரிவின்படி அரசுத் தரப்புச் சாட்சியாகி உண்மையை முழுதாகச் சொன்னால், அவன்மேல் வழக்கில்லை என்று நீதிமன்றம் விடுவிக்கலாம். அதை அவன் தனியாகப் போலீசிடம் பேரம் பேச முடியாது, பேசவும் கூடாது. அரசுத் தரப்பு வழக்கறிஞரோடு பேசி, எழுத்தில் வாங்கி, பிறகுதான் வாய் திறக்கவேண்டும். அதற்குத்தானே வக்கீல்? கடைசியில் பையன்மேல் மட்டும் வழக்கு நிற்கிறது. அட்டை சேகரித்தவன் அடுத்த பையனைத் தேடிப் போய்விட்டான்.

உங்கள் வீட்டையும் ஒருமுறை பாருங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் வீடு வாங்கிய ஒருவர் 2019-இல் பத்திர அட்டர்னியின் மின்னஞ்சல் என்று நம்பி 55 லட்சம் ரேண்டை மோசடிக்காரன் கணக்குக்கு அனுப்பினார். நடுவில் யாரோ மின்னஞ்சலைப் பிடித்துக் கணக்கு எண்ணை மாற்றியிருந்தார்கள். 2023-இல் உயர் நீதிமன்றம் அட்டர்னி நிறுவனம்தான் பொறுப்பு என்றது. 2024 ஜூனில் ப்ளூம்ஃபொன்டைன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. பணம் அனுப்பியவரே போன் செய்து சரிபார்த்திருக்கலாம் என்றது. தீர்ப்பு வந்த வாரம் உங்களில் பலர் நிம்மதியாக மூச்சு விட்டதாகக் கேள்வி. எனக்கென்னவோ அந்த நிம்மதி பிடிக்கவில்லை. உங்கள் கட்டாயத் தொழில் காப்பீடு 2016 ஜூலை முதல் சைபர் இழப்பை ஏற்பதில்லை. அடுத்த தடவை தீர்ப்பு வேறு மாதிரி வந்தால் உங்கள் வீடு போகும். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு கட்சிக்காரருக்குப் போன மின்னஞ்சலில் கணக்கு எண் மாறியிருந்தது. அதிர்ஷ்டவசமாக அந்த அம்மாள் பழைய காலத்து ஆள், எங்களுக்குப் போன் செய்து எண்ணை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னார். தப்பித்தோம். அலுவலகத்தின் மூத்த வக்கீல் அதைப் போலீசில் சொல்லவேண்டாம் என்றார், நிறுவனத்தின் பெயர் கெடுமாம். அந்தக் கணக்கு எண் போலீசிடம் போயிருந்தால் அந்த வாரம் வேறு யாராவது தப்பித்திருக்கலாம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

2021 செப்டம்பரில் நீதித்துறை அமைச்சின் கணினிகளையே ரான்சம்வேர் என்ற, பணம் கேட்டு மிரட்டும் தீய மென்பொருள் பூட்டிவைத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஜீவனாம்சப் பணம் வராமல் தாய்மார்கள் கோர்ட் வாசலில் நின்றார்கள், நாங்கள் பேனாவும் காகிதமுமாக வேலை பார்த்தோம். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் கணினிகள் விழுந்து டர்பன் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகள் தேங்கின. துறைமுகத்துக்கு ஒன்று என்றால் நாடே எழுந்து நிற்கிறது. ஆயாவுக்கு ஒன்று என்றால் ஆறு வரி.

நான் கேட்பது பெரிதில்லை. உங்களில் நாலைந்து பேர், மாதம் ஒரு சனிக்கிழமை முறைவைத்து, ஒரு போன் எண்ணை எங்களுக்குக் கொடுங்கள். வாரக்கடைசியில் பணம் போனவர் முதலில் பேங்குக்கும், உடனே அந்த எண்ணுக்கும் அழைக்கட்டும். அன்றைக்கே அஃபிடவிட் எழுதிவிடலாம். ஆயாவின் தமிழை நான் இங்கிலீஷாக்குகிறேன், சட்டத்தின் இங்கிலீஷாக நீங்கள் ஆக்குங்கள். கையில் அஃபிடவிட், கணக்கு அறிக்கை, பேங்கின் புகார் எண் மூன்றோடும் போனால் எந்தக் காவல்நிலையத்திலும் வழக்குப் பதியச் சொல்லலாம். 'சம்பவம் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்தது, அங்கே போ' என்று யாரும் சொல்லக்கூடாது. எடுத்து மாற்றி அனுப்புவது அவர்கள் வேலை. டிடெக்டிவ் பெயர் வந்ததும் அவருக்கு ஒரு பக்கக் கடிதம். பிறகு மாதம் ஒருமுறை, மிரட்டாமல், என்ன ஆயிற்று என்று ஒரு வரி. 2004-இன் பாதிக்கப்பட்டோர் சாசனத்தில் தகவல் பெறும் உரிமை எழுதியிருக்கிறது, அதைச் சுட்டிக் கேட்டால் போதும்.

அந்த டிடெக்டிவ்விடமும் பேசினேன். மாதம் ஒரு சனிக்கிழமை அரை மணி நேரம் மண்டபத்துக்கு வந்து உங்களோடு உட்காரத் தயார் என்றார். ஒரு நிபந்தனை போட்டார்: நடப்பு டாக்கெட்டைப் பற்றி யாரும் கேட்கக்கூடாது. நியாயம்தான். டீயோடு வடையும் இருக்குமா என்று கேட்டார், இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, காலை 9 மணி. மண்டபத்தின் பக்கக் கதவு திறந்திருக்கும். உங்கள் லெட்டர்ஹெட்டில் பத்துத் தாள் கொண்டுவாருங்கள். பிரிண்டர் இருக்கிறது, மை நான் வாங்கி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய எழுத்தர்,
சாட்ஸ்வொர்த்